இரண்டு ஏக்கரில் முதலில் எதைச் சேர்ப்பது? மாடு, ஆடு, கோழி, மீன்குட்டை: ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. சம்பா ஒரு போகம், அதன்மேல் தரிசு உளுந்து, அதாவது நெல்லுக்குப் பின் வயல் ஈரத்திலேயே விளையும் உளுந்து. இளையான்குடிப் பக்கத்துச் சகோதரி ஒருவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் அவரும் மாமியாரும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும். மூன்றாமவர் தாராபுரத்து இளைஞர். மூன்று ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. நிலத்தில் பாதி கொரங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம். ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும்படி பயிரையும் கால்நடையையும் சேர்த்து நடத்தும் ஒருங்கிணைந்த பண்ணையத்தில் இறங்க முடிவு செய்துவிட்டோம், முதலில் எதைச் சேர்க்கலாம் என்று மூவரும் கேட்கிறார்கள்.

"முதலில்" என்று அவர்கள் எழுதியிருந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்காட்சிகளில் மாட்டியிருக்கும் படங்களில் மாடு, ஆடு, கோழி, மீன், மண்புழு, அசோலா என்னும் தீவனப் பாசி, சாண எரிவாயு எல்லாம் அம்புக்குறிகளால் இணைந்து, ஒரே நாளில் பிறந்தவை போல நிற்கும். அதை நம்பி ஒரே மாதத்தில் கடன் வாங்கி எல்லாவற்றையும் இறக்கியவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே உண்டு. இரண்டாம் ஆண்டில் அந்தக் கொட்டில்களில் விறகு அடுக்கியிருந்ததையும் பார்த்தேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் பெற்ற தாய்போல எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

எனக்கு ஆலங்குடிப் பக்கம் இரண்டரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த நான்கையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் பெரிய அடியும் பட்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

சந்தையில் எதற்கு விலை அதிகம் என்ற கேள்வியோடு தொடங்கினால் முடிவு தவறாகத்தான் போகும். விலை எல்லோருக்கும் பொது. நிலமும் வீடும் அவரவருடையவை. நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து.

வீணாவது எது? ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரத்துக்கு உங்கள் காட்டிலும் வீட்டிலும் கொட்டுவதையும் எரிப்பதையும் சும்மா விடுவதையும் எழுதுங்கள். வைக்கோல், கடலைக்கொடி, உளுந்தம்பொட்டு, குருணை, தவிடு, கழனித்தண்ணீர், வரப்புப் புல், வேலித் தழை, கருவேல நெற்று. இவற்றில் எது அதிகமோ, அதைத் தின்னும் உயிர்தான் உங்களுக்கு முதலில் வர வேண்டும்.

சித்திரையில் தண்ணீர் எவ்வளவு? ஐப்பசியில் எல்லாக் கிணறும் நிறைந்த கிணறுதான். சித்திரை, வைகாசியில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதே உண்மையான கணக்கு.

யாருடைய கை, எந்த நேரம்? மாட்டுக்கு விடியற்காலை நாலரை மணிக்கு ஆள் வேண்டும். மேய்ச்சல் ஆட்டுக்குப் பகல் முழுக்க வேண்டும். கோழிக்குக் காலையிலும் அந்தியிலும் அரைமணி போதும். குடும்பத்தில் யார் செய்யப்போகிறார் என்று பெயர் சொல்ல முடியாத வேலை கடைசியில் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விடிகிறது. இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

காசு எப்போது வரும்? நாள்தோறுமா, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா, ஆண்டுக்கு ஒருமுறையா? பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

ஒரு சாவில் எவ்வளவு போகும்? ஒரு கோழி செத்தால் தாங்கலாம். கடன் வாங்கி வாங்கிய மாடு செத்தால் ஓர் ஆண்டு உழைப்பு போயிற்று.

இந்த ஐந்துக்கும் மேலாக ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில், கடையிலிருந்து உங்கள் பண்ணைக்குள் எத்தனை மூட்டை வந்தது என்று எண்ணுங்கள். தீவன மூட்டை, உர மூட்டை இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்த பிறகு அந்த எண்ணிக்கை குறைந்தால் பண்ணை ஒருங்கிணைகிறது. ஏறினால், ஒரே வேலிக்குள் இரண்டு தனித்தனித் தொழில்களை நடத்துகிறீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒரு கலப்பினக் கறவை மாடு | 10 பெட்டை ஆடு, 1 கிடா | 10 நாட்டுக்கோழி, 1 சேவல் | 10 சென்ட் மீன்குட்டை |
|---|---|---|---|---|
| எதைத் தின்னும் | வைக்கோல், பசும்புல், தவிடு, புண்ணாக்கு | தழை, நெற்று, கடலைக்கொடி | குருணை, புழு, கரையான், சமையல் மிச்சம் | சாணத்தில் விளையும் நுண்ணுயிர், தவிடு, புண்ணாக்கு |
| தீவன நிலம் | இறவையில் (பாசன நிலத்தில்) 10 சென்ட் புல் | கொட்டிலில் வளர்த்தால் 20 சென்ட். மேய்ச்சல் இருந்தால் வேலித் தழை மட்டும் | தேவையில்லை | தேவையில்லை |
| கோடைத் தண்ணீர் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் |
| ஆள் நேரம் | தினமும் மூன்று, நான்கு மணி நேரம். விடுப்பே இல்லை | மேய்த்தால் பகல் முழுக்க | தினமும் ஒரு மணி நேரம் | வாரத்தில் சில மணி |
| முதல் காசு | கறவையில் வாங்கினால் சில நாளில் | ஏறக்குறைய ஓர் ஆண்டில் | ஆறு மாதத்தில் | எட்டு முதல் பத்து மாதத்தில் |
| நிலத்துக்குத் தருவது | அதிகச் சாணம், கோமியம் | குறைந்த அளவில் வீரியமான எரு | மிகக் கொஞ்சம் | வண்டல், பாசன நீர் |
| பெரிய ஆபத்து | மடிவீக்கம், சினை நிற்காமை | ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ஆகிய நோய்கள், திருட்டு | வெள்ளைக்கழிச்சல் நோய், கீரி | நீர் கசிவு, வெள்ளம் |

## கறவை மாடு

இயற்கை வேளாண்மை பேசுபவர் எவரும் மாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்குக் காரணம் சாணம். வளர்ந்த மாடு ஒன்று நாளுக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். ஆண்டுக்கு ஐந்து டன் பச்சைச் சாணம் என்று வைத்துக்கொள்ளலாம். அது குழியில் மக்கும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்று இருக்கிறது. ஏக்கருக்கு ஐந்து டன். ஆக ஒரு மாடு, கழித்துப் போட்ட வைக்கோலையும் குப்பையையும் சேர்த்துத்தான், அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை முறையாக எருவிட உதவும். ஒரு மாட்டை வைத்துக்கொண்டு முப்பது ஏக்கரைத் திருத்திவிடலாம் என்று பேசுவதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம். எரு கண்ணால் பார்த்து அள்ளும் பொருள். அதை எடைபோட்டே பேசலாம்.

தீவனத்தைப் பார்ப்போம். நாளுக்கு ஐந்து, ஆறு கிலோ வைக்கோல் என்றால் ஆண்டுக்கு இரண்டு டன். ஒரு ஏக்கர் நெல் கொடுக்கும் வைக்கோல் அதற்குச் சரியாகப் போகும். பசும்புல் நாளுக்கு 20 கிலோ என்றால் ஆண்டுக்கு ஏழு டன்னுக்குச் சற்று மேல். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் தரும் என்று சொல்லப்படுகிறது. அது நல்ல மண்ணும் நிறைந்த நீரும் உள்ள இடத்துக் கணக்கு. நம் நிலத்தில் பாதி வந்தால்கூட ஒரு மாட்டுக்குப் பத்து சென்ட் போதும். ஆனால் அந்தப் பத்து சென்டுக்குக் கோடையிலும் வாரம் ஒரு தண்ணீர் வேண்டும். அது இல்லையென்றால் கலப்பின மாட்டை மறந்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு அடர்தீவனத்தில், அதாவது தவிடு, புண்ணாக்கு போன்றவை கலந்த தீவனத்தில் இருக்கிறது. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடலைப் பேண ஒன்றரைக் கிலோ, பாலுக்கு மூன்று லிட்டருக்கு ஒரு கிலோ வீதம், ஏறக்குறைய ஐந்து கிலோ வைக்க வேண்டும். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 150 ரூபாய். பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் வரவு 350. மீதமுள்ள 200 ரூபாயில்தான் உங்கள் உழைப்பும், சினை ஊசியும், மருந்தும், வைக்கோலும் அடங்க வேண்டும். கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதமாவது பால் வற்றியிருக்கும். அப்போதும் வாய் மூடாது. சினை பிடிப்பது இரண்டு முறை தள்ளிப்போனால் இந்த வற்றுக்காலம் நான்கைந்து மாதமாக நீளும். பால் மாட்டில் நஷ்டம் என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் கணக்கு கவிழ்ந்த இடம் இதுதான். பால் விலையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

இந்த மூட்டையைக் குறைக்க வழிகள் உண்டு. வரப்பில் அகத்தி, வேலியில் கிளிரிசிடியா, புல்லோடு வேலிமசால். இந்தப் பயறுவகைத் தழைகள் புண்ணாக்கின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். சவுண்டல் தழையும் நல்லதுதான், ஆனால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தீவனச் சோளம் போடுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு. பூத்த பிறகுதான் அறுக்க வேண்டும். வாடிக் கிடக்கும் முழங்கால் உயரச் சோளத்தில் அவிழ்த்துவிட்டு, சாயங்காலம் மாட்டைப் புதைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

சாண எரிவாயுக்காக ஒரு மாடு வாங்க நினைப்பவர்களுக்கு: ஒரு கனமீட்டர் கலனுக்கே நாளுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு மாடு நின்ற பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். கலனில் போட்ட சாணம் வீணாகாது. வெளிவரும் கழிவு நல்ல எரு.

யாருக்குப் பொருந்தும்: நெல் வைக்கோல் சொந்தமாக உள்ளவர், கோடையிலும் நீர் உள்ளவர், நடந்துபோகும் தொலைவில் பால் சங்கம் உள்ளவர், வீட்டில் வேலைக்கு இரண்டு பேர் உள்ளவர். இதில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுங்கள். ஒருவர் மட்டுமே உள்ள வீட்டில் மாடு வந்தால், அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குக்கூட ஒரு ராத்திரி தங்க முடியாது. இதுவும் செலவுதான்.

## வெள்ளாடும் செம்மறியும்

"ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்பார்கள். ஆட்டுப் புழுக்கை போட்ட போகத்திலேயே பலன் காட்டும். இராமநாதபுரம் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களான கீதாரிகள் கோடையில் டெல்டா வயல்களில் கிடை போட, அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் வயலில் அடைக்க வருவதும், நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பதும் இதனால்தான். பத்து ஆடு உள்ளவர் தம் வயலிலேயே பட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை நகர்த்திக் கட்டினால், எருவை அள்ளிச் சுமக்கும் வேலையே இல்லை. மூத்திரமும் மண்ணிலேயே இறங்கும்.

ஆட்டின் பெரிய பலம் வேறு. மாடு தொடாததை எல்லாம் அது தின்னும். சீமைக்கருவேல நெற்று, வேலித் தழை, கடலை பிடுங்கிய கொடி, புறம்போக்கில் முளைத்த செடி. வெள்ளாடு தழை தேடும், செம்மறி புல் தேடும். எது வாங்குவது என்பதை உங்கள் மேய்ச்சல் நிலமே சொல்லிவிடும். புதர்க்காடு என்றால் வெள்ளாடு, புல்வெளி என்றால் செம்மறி. இனத்தையும் வட்டாரத்திலேயே தேடுங்கள். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் கன்னி ஆடு, இராமநாதபுரம் வரை கொடி ஆடு, சேலம், தருமபுரிப் பக்கம் சேலம் கருப்பு; செம்மறியில் மேச்சேரி, கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை. தொலைவிலிருந்து லாரியில் வரும் பெரிய இனம் முதல் மழைக்காலத்திலேயே மருந்துச் சீட்டோடு நிற்கும்.

சினை ஐந்து மாதம். நன்றாகப் பேணினால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. பல ஈற்றில் இரட்டைக் குட்டி. இதை அப்படியே பெருக்கி ஆண்டுக்கு முப்பது குட்டி என்று எழுதி வங்கிக்குக் கொடுப்பார்கள். பத்துப் பெட்டையில் ஆண்டுக்குப் பதினைந்து குட்டி விற்பனைக்கு நின்றால் அதுவே நல்ல வளர்ப்பு என்பது என் அனுபவம். குட்டியை ஆறு, எட்டு மாதம் வளர்த்து ஆடி, தீபாவளி, பக்ரீத் நேரம் பார்த்து விற்கலாம். அவசரத்துக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போக முடியும் என்பதுதான் ஏழை வீட்டில் ஆடு நிலைத்ததற்குக் காரணம். அரை மாட்டை விற்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு மேய்ப்பவரின் பகல். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை ஒருவர் அதன் பின்னால் நடக்க வேண்டும். ஆள் இல்லையென்று பரண்மேல் கொட்டில் போட்டு வளர்த்தால், ஆட்டுக்கு நான்கு கிலோ வீதம் பதினோரு ஆட்டுக்கு நாளுக்கு 44 கிலோ பசுந்தழை வெட்டிச் சுமக்க வேண்டும். ஆண்டுக்குப் பதினாறு டன், அதற்கு இறவையில் இருபது சென்ட். பரண் அமைக்கும் செலவே சில ஆண்டுக் குட்டிகளின் விலையை விழுங்கும். பத்து ஆட்டுக்குப் பரண் தேவையில்லை என்பதே என் கருத்து. மேடான, மழை ஒழுகாத, காற்றோட்டமான கொட்டிலும் காய்ந்த தரையும் போதும்.

அடுத்தது அக்கம்பக்கம். ஒரு நாள் ஆடு அடுத்தவர் மிளகாய்க் கொல்லையில் இறங்கினால், இருபது ஆண்டு உறவு அன்றோடு போகும். உயிர்வேலி இல்லாமல் ஆடு வாங்காதீர்கள். மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி, முறைப்படி ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் பட்டியே காலியாகலாம்.

யாருக்குப் பொருந்தும்: மானாவாரி நிலமும் மேய்ச்சல் புறம்போக்கும் உள்ளவர், வேலி உள்ளவர், பகலில் மேய்க்க ஆள் உள்ளவர். தண்ணீர் குறைந்த வட்டாரங்களில் இதற்கு நிகர் வேறொன்றும் இல்லை.

## நாட்டுக்கோழி

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்கள் அதிகம். புதிதாகத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உயிர்களோடு பழகும் ஒழுங்கை, விடியலில் எழுவதை, நோயைக் கண்ணால் கண்டுபிடிப்பதை மிகக் குறைந்த செலவில் கற்றுக்கொடுப்பது கோழி.

பெட்டை ஒன்று ஓர் அடைக்கு 12 முதல் 15 முட்டை, ஆண்டில் மூன்று, நான்கு முறை இடும். அடைக்கு வைத்தால் 21 நாளில் குஞ்சு. பன்னிரண்டு வைத்தால் ஒன்பது, பத்து பொரியும். அதில் பாதியைக் காப்பாற்றுவது முதல் ஆண்டில் பெரிய காரியம். பருந்து, கீரி, பூனை, காகம், மழைக்குளிர் என்று எல்லாமே முதல் ஆறு வாரத்தில்தான் குஞ்சைக் குறிவைக்கும். அந்த ஆறு வாரம் பஞ்சாரம் என்னும் கவிழ்க்கும் கூடைக்குள்ளேயே தாயோடு வைத்திருந்தால் பிழைக்கும் எண்ணிக்கை கண்கூடாக ஏறும்.

தீவனத்துக்குக் கடைக்கே போக வேண்டாம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். குருணையும் பதரும் வீட்டில் உண்டு. ஒரு மண்பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் நனைத்துத் திணித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான்; குஞ்சுகளுக்கு அதைவிடப் புரதம் வேறில்லை. குப்பைக்குழியைச் சுற்றிக் கோழி கிளறினால் மாட்டின் ஈப்புழுவும் குறையும்.

ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. கால்நடைத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோழிகளைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். நாற்றங்காலையும் கீரைப் பாத்தியையும் கோழி கிளறிப்போடும் என்பதால் அவற்றுக்கு வலை வேண்டும். நூறு, இருநூறு என்று பெருக்கும் ஆசை வந்ததும் கணக்கு மாறிவிடும். மேய்ந்து தின்னும் அளவைத் தாண்டிய கோழிக்குத் தீவன மூட்டை வாங்க வேண்டும், அந்த நாளில் இது நாட்டுக்கோழி வளர்ப்பு என்ற நிலையிலிருந்து நழுவிவிடுகிறது. இரண்டு ஏக்கர் வீட்டுக்குப் பத்து முதல் இருபது தாய்க்கோழி என்பதே இயல்பான எல்லை.

யாருக்குப் பொருந்தும்: எல்லோருக்கும், குறிப்பாகப் பகலில் வேறு வேலை உள்ள வீடுகளுக்கு.

## மீன்குட்டை

நான் அடிபட்டது இதில்தான். பத்து சென்டில் ஐந்தடி ஆழத்துக்கு வெட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்தது. கட்லா, ரோகு, மிர்கால் விரலிகளை, அதாவது விரல் நீள மீன்குஞ்சுகளை விட்டோம். மாசியில் முழங்கால் அளவாயிற்று. பங்குனி முதல் வாரத்தில் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கிணற்று நீரை இறைத்து ஊற்றினோம், செம்மண் குடித்துவிட்டது. உள்ளங்கை அளவு மீன்களை அள்ளித் தெருவெல்லாம் கொடுத்தோம். என் மனைவி அன்று அந்தக் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை.

பின்னால் போட்ட கணக்கை முன்னால் போட்டிருக்க வேண்டும். பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 400 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால்கூட அது 2,000 லிட்டர். கசிவு இதற்கு மேல். ஆகவே வெட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே இடத்தில் மூன்றடிக் குழி தோண்டி, இரண்டு நாள் நன்றாக ஊறவைத்து, மூன்றாம் நாள் மாலை நிரப்பி, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். காலையில் மட்டம் ஒரு சாணுக்கு இறங்கியிருந்தால் அங்கே மீன் வேண்டாம். பாசனத்துக்கும் கிணற்று ஊற்றுக்குமான பண்ணைக்குட்டையாக அதை வெட்டலாம். அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக உதவியும் கிடைக்கிறது.

களிமண் உள்ளவர்களுக்குக் கதை வேறு. சதுர மீட்டருக்கு ஒரு விரலி வீதம் 400 விரலிகள். மேல்மட்டத்துக்குக் கட்லா, நடுவே ரோகு, அடியில் மிர்கால், வரப்புப் புல் மிச்சமிருந்தால் சில புல்கெண்டை. பாதிக்கு மேல் பிழைத்து அரைக் கிலோவுக்கு மேல் வளர்ந்தாலே ஓர் அறுவடைக்கு நூறு கிலோவுக்கு மேல் மீன். சாணத்தைக் கரைத்து ஊற்றினால் நீர் பச்சை பூக்கும், அதுதான் மீனுக்கு முதல் உணவு. அளவு மீறினால் அதே சாணம் விடியலில் மூச்சு முட்டவைக்கும். முழங்கைவரை நீரில் விட்டு உள்ளங்கை தெரியாவிட்டால் சாணத்தை நிறுத்துங்கள். கரை உயரமில்லாவிட்டால் கார்த்திகை வெள்ளம் மீன்களை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும்.

யாருக்குப் பொருந்தும்: களிமண்ணும் வாய்க்கால் நீரும் உள்ளவருக்கு, அதுவும் மாடு நின்ற பிறகு. சாணம் சொந்தமாக இல்லாத குட்டைக்கு எல்லாமே கடையிலிருந்துதான் வரவேண்டும்.

## மூவருக்கும் என் பதில்

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு: உங்கள் இரண்டு ஏக்கர் வைக்கோல் இரண்டு மாட்டுக்குக் காணும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதைச் சுருட்டிக் கட்ட ஆகும் கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஒரே ஒரு மாட்டோடு தொடங்குங்கள். உம்பளச்சேரி உங்கள் மண்ணின் மாடு. உழவுக்கும் எருவுக்கும் சிறந்தது, ஆனால் பாலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பால் காசு வேண்டுமென்றால் நடுத்தரமாகக் கறக்கும் கலப்பினம் போதும். பதினைந்து லிட்டர் மாட்டைத் தேடாதீர்கள். உளுந்து வயலில் இருக்கும்வரை மாட்டை அவிழ்த்துவிட முடியாது என்பதால், பங்குனிவரை கட்டுத்தறித் தீவனத்துக்கு இப்போதே வரப்பில் வழி செய்யுங்கள். இரண்டாம் ஆண்டில் குட்டை வெட்டலாம். வழக்கமான ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது. ஆடி கடைசியில் விரலி விட்டால், நீர் வற்றுமுன் பங்குனியில் பிடித்துவிடலாம். பத்து வாத்தும் அந்தக் குட்டையில் நீந்தலாம். அதன் எச்சம் மீனுக்கு, சேற்று நத்தை அதற்கு.

இளையான்குடிச் சகோதரிக்கு: உங்களுக்கு மாட்டுக் கடன் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் நிலத்தில் கோடைத் தண்ணீர் இல்லை. பசும்புல்லை விலைக்கு வாங்கி மாடு வளர்த்தால் வட்டி கட்டவே பால் போதாது. ஐந்து தாய்க்கோழியும் ஒரு சேவலும் முதலில். அதை மாமியார் பார்த்துக்கொள்வார், காசும் அவர் கையில் இருக்கட்டும். ஓராண்டில் அது நிலைத்ததும், உங்கள் பக்கத்துக் கொடி ஆட்டில் மூன்று பெட்டை வாங்குங்கள். பத்து வாங்கினால் ஒருவர் நாள் முழுக்க மேய்க்க வேண்டிவரும். மூன்று என்றால் கொல்லைப்புறத்தில் கட்டி, கருவேல நெற்றும் வேலித் தழையும் போட்டு வளர்க்கலாம். கிடா தெருவில் யாரிடமாவது இருக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழைக்கு முன் நிலம் கொள்ளும் அளவுக்குக் கண்மாய் வண்டல் அடிக்க அனுமதி கிடைக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இரண்டு ஏக்கருக்கு எரு சேர்க்கும் அளவுக்கு ஆடு பெருகும்வரை, உங்கள் மண்ணுக்கு அதுதான் எரு.

தாராபுரத்துத் தம்பிக்கு: கிணற்றை நம்பி ஐந்து கலப்பின மாடு வாங்கும் யோசனையை விட்டுவிட்டு, உங்கள் கொரங்காட்டைத் திரும்பிப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலம், சுற்றிலும் கிளுவை வேலி என்று உங்கள் முன்னோர் விட்டுச்சென்ற அந்த ஒன்றரை ஏக்கர் ஒருங்கிணைந்த பண்ணையம்தான். அதற்கு அந்தப் பெயரை மட்டும் அவர்கள் வைக்கவில்லை. வேலி இருப்பதால் பகலெல்லாம் மேய்ப்பவர் வேண்டாம், புல் இருப்பதால் வெள்ளாட்டைவிடச் செம்மறியே பொருந்தும். பத்து மேச்சேரிப் பெட்டையும் ஒரு கிடாவும் வாங்குங்கள். மழைக்குப் பிறகு புல் பூத்து விதை உதிரும்வரை உள்ளே விடாமல் பொறுத்திருங்கள். அந்தச் சில வாரங்களுக்குக் கடலைக்கொடியைச் சேர்த்து வையுங்கள். மாடு வேண்டும் என்ற ஆசை மூன்றாம் ஆண்டிலும் இருந்தால், கிணற்றடியில் பத்து சென்ட் புல்லை முதலில் நட்டு, ஒரு கோடை முழுக்க அது பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எனக்கு எழுதுங்கள், எந்த மாடு என்று பேசுவோம்.

மூவருக்கும் பொதுவாக ஒரு வேலை இருக்கிறது. இதற்கு எந்த உயிரும் வாங்க வேண்டாம். புரட்டாசிக்குள் நிழலான இடத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குப்பைக்குழி வெட்டி, மழைநீர் உள்ளே வராதபடி சுற்றி வரப்பு கட்டுங்கள். முதல் மழையில் வரப்பு நெடுக அகத்தி விதையை ஊன்றுங்கள். ஆடு மாடு வருமுன் அவற்றின் தீவனமும், அவற்றின் சாணத்துக்கு இடமும் தயாராக இருக்கும்.